அலையும் தார்த்தடமும்: வேக விளையாட்டுகளைப் படமெடுக்க ஓர் ஆகஸ்ட் வாரம்

செவ்வாய், கோவளம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறக்குறைய 40 கி.மீ. போய், முட்டுக்காடு உப்பங்கழியைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் கோவளம். மீனவரான மூர்த்தி மேகவன் தொடங்கிய சர்ஃப் (அலைச்சறுக்கு) பள்ளியால் பெயர் பெற்ற ஊர். குப்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று தேசியப் போட்டிகளில் ஆடுகிறார்கள். தென்மேற்குப் பருவ மாதங்களில் தெற்கிலிருந்து நீண்ட அலை வருகிறது. காலையில் மேற்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசி, அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது. வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பியதும் அதே அலை குலைந்து நுரையாகிவிடும். ஆகவே படமெடுக்க உதவும் நேரம் விடியலிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரைதான். மதியம் வந்து நிற்பவருக்கு நல்ல கேமரா இருந்தும் பயனில்லை.

இந்தக் கரையின் சிக்கல் ஒளி. கிழக்குக் கடற்கரை என்பதால் காலைச் சூரியன் அலைக்குப் பின்னால் எழுகிறது. மணலில் நின்று நேரே கடலைப் பார்த்து எடுத்தால் ஆள் கருநிழலாக வருவார். சில படங்களுக்கு அது அழகுதான். அலையின் மெல்லிய நுனி வழியே ஒளி ஊடுருவிப் பச்சையாகத் தெரியும். எல்லாப் படமும் அப்படி இருந்தால் சலித்துவிடும்.

இதற்கு மாற்று இருக்கிறது. கோவளம் முனையில் உடையும் அலை தெற்கிலிருந்து வடக்காகச் சுருண்டுகொண்டே வரும். சறுக்குபவரும் அந்தத் திசையில்தான் வருவார். அவருக்கு அது வலப்பக்க அலை. கரையில் நிற்பவருக்கு அவர் வலமிருந்து இடமாக ஓடுவதாகத் தெரியும். இடக்காலை முன்வைத்து நிற்பவர்கள்தான் அதிகம். அவர்கள் இந்த அலையில் நெஞ்சை அலைமுகத்துக்குக் காட்டிச் செல்வதால், நேர் எதிரே கரையில் நிற்பவருக்கு முதுகுதான் கிடைக்கும். அலை உடையத் தொடங்கும் இடத்திலிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டர் வடக்கே நடந்துபோய், தென்கிழக்கைப் பார்த்து நில்லுங்கள். ஆள் உங்களை நோக்கி வருவார், முகம் தெரியும். ஆகஸ்டில் சூரியன் நேர்கிழக்குக்குச் சற்று வடக்கே உதிப்பதால் ஒளி முழுப் பின்னொளியாக இல்லாமல் இடப்பக்கத்திலிருந்து வரும். ஆளின் முதுகு, சூரியன் என்ற இரண்டு தொல்லையும் அந்த நடையிலேயே தீரும்.

லென்ஸ் கணக்கு: முழுச் சென்சார் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் 100 மீட்டர் தூரத்தில் 9 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், 600 மி.மீ. என்றால் 6 மீட்டர். சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி கேமராவில் 400 மி.மீ. லென்ஸே ஏறக்குறைய அந்த 6 மீட்டருக்கு வந்துவிடும். ஆளும் பலகையும் தெறிக்கும் நீர்விசிறியும் அடங்க 6 முதல் 9 மீட்டர் அகலம் சரியாக இருக்கும். அதற்கும் நெருக்கிப் பிடித்தால் அலை எவ்வளவு உயரம் என்பதே படத்தில் தெரியாமல் போகிறது. அலை இல்லாத அலைச்சறுக்குப் படத்துக்கு என்ன மதிப்பு?

ஷட்டர் 1/1600 அல்லது 1/2000 நொடி. அபெர்ச்சர் (ஒளித்துளை) எஃப் 5.6 முதல் 8. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) விடியலில் 800, வெயில் ஏற ஏற 400, 200. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவை) மேனுவலில் பூட்டிவிடுவது நல்லது. வெள்ளை நுரை சட்டகத்தை நிறைக்கும்போது தானியங்கி மீட்டர் படத்தை இருட்டாக்கும். கருநீலத் தண்ணீர் நிறையும்போது வெளிறச் செய்யும். ஒரே அலையில் இந்த இரண்டும் நடக்கும். ஒளியோ அரைமணி நேரத்துக்குப் பெரிதாக மாறுவதில்லை. நுரையில் நீர்த்துளிகளின் விவரம் தெரியும்வரை குறைத்து, ஹிஸ்டோகிராமின் (ஒளியளவு வரைபடத்தின்) வலது ஓரம் முட்டாமல் வைத்து, கால்மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

ஃபோகஸ் ஏஎஃப்-சி, அதாவது நகரும் ஆளைத் தொடர்ந்து கூர்மைப்படுத்தும் முறை. கேமராவில் 'டிராக்கிங் சென்சிட்டிவிட்டி' இருந்தால் அதைக் குறைந்த பக்கம் தள்ளுங்கள். முன்னால் எழும் சிற்றலையும் தெறிக்கும் நீரும் ஆளை ஒரு நொடி மறைக்கும்போது, ஃபோகஸ் அவற்றின் மேல் தாவாமல் காத்திருக்க வேண்டும். கூர்மைப்படுத்துவதை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டால், ஆள் நுரைக்குள் மறையும்போது கட்டைவிரலை எடுத்துவிட்டு, அவர் வெளிவந்ததும் மீண்டும் அழுத்தலாம்.

எப்போது அழுத்துவது? ஆள் எழுந்து நிற்கும் நொடியிலிருந்தே சுடத் தொடங்குபவர்கள் முக்கியமான கட்டத்தைத் தவறவிடுகிறார்கள். 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று 25 முதல் 30 எம்பி. நொடிக்குப் பத்துப் படம் என்றால் 250 முதல் 300 எம்பி. நொடிக்கு 90 எம்பி எழுதும் கார்டில் அது இறங்காது. சில நொடிகளில் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிறைந்து கேமரா திணறும். சரியாக அப்போதுதான் ஆள் அலையின் உச்சிக்கு ஏறியிருப்பார்.

ஒரு அலையைக் கூர்ந்து பாருங்கள். ஆள் கீழே இறங்குகிறார்; அடிவாரத்தில் முழங்கால் மடங்கி, பின்கை தண்ணீரைத் தொட, உடல் முறுக்கேறுகிறது. இது முதல் படம். பிறகு மேலே பாய்கிறார்; முதலில் தலை திரும்புகிறது, அதன்பின் தோள், கடைசியாகப் பலகை. தலை திரும்பியதும் விரல் அழுந்த வேண்டும். பலகை அலைநுனியில் மோதி நீர் விசிறியாகப் பிரியும் அந்தக் கால்நொடியில் நாலைந்து படங்கள் விழுந்தால் போதும். விசிறி கண்ணுக்குத் தெரிந்த பிறகு அழுத்தினால் முகத்தை நீர் மறைத்த படம்தான் மிஞ்சும்.

புதன், கோவளம், நீருக்குள்

தண்ணீரில் இறங்கி எடுப்பது வேறு வேலை. நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது. அலைக்கு அடியில் மூழ்கி மறுபக்கம் வரத் தெரிய வேண்டும். இழுப்புநீர் கரையிலிருந்து கடலுக்குக் கொண்டுபோனால் அதோடு மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேறத் தெரிய வேண்டும். துணைக்கு ஒருவர் இல்லாமல் இறங்கவே கூடாது. காலில் நீச்சல் துடுப்பு, தலையில் ஹெல்மெட், கேமரா உறைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே சுருள்கயிறு. முனையில் பாறை உண்டு. உள்ளூர் ஆட்களிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நீர்புகா உறையின் உயிர் அதன் ரப்பர் வளையத்தில் இருக்கிறது. ஒரு மணல்துகளோ ஒரு தலைமுடியோ குறுக்கே கிடந்தால் போதும், உப்புநீர் உள்ளே வரும். விளக்கடியில் வளையத்தைக் கழற்றி, விரலால் தடவிப் பார்த்து, சிலிகான் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். நிறையத் தடவினால் அது மணலைப் பிடித்து வைக்கும். முதலில் கேமரா இல்லாமல் உறையை மட்டும் மூடி வாளித் தண்ணீரில் அமுக்கிப் பத்து நிமிடம் பாருங்கள். உள்ளே ஒரு டிஷ்யூ தாள் போட்டு வைத்தால் ஈரம் உடனே தெரியும்.

இந்த ஊரின் தனித் தொல்லை ஆவி படிவது. ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த கேமராவைக் கடற்கரைக்குக் கொண்டுவந்ததும் லென்ஸின் வெளியே பனிபோல் படியும். உறையைக் கடற்கரையிலேயே திறந்து மூடினால் ஈரக்காற்று உள்ளே அடைபட்டு, தண்ணீர் பட்டதும் கண்ணாடியின் உள்பக்கம் மங்கும். உள்ளே படிந்த ஆவியைக் கடலில் வைத்துத் துடைக்க வழியில்லை. ஆகவே உறையை ஏசி அறையின் உலர்ந்த காற்றில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். மூடிய உறையைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு எடுங்கள். பிறகு வெயிலில் கிடத்தவும் வேண்டாம். கறுப்பு உறை சீக்கிரம் சூடாகிவிடும். சூடான உறை தண்ணீரில் இறங்கினால் மறுபடி ஆவிதான்.

அமைப்பு எளிது. 15 மி.மீ. மீன்கண் லென்ஸ் (மிக அகன்ற காட்சியை வளைத்துப் பிடிப்பது), எஃப் 8, ஃபோகஸ் ஒரு மீட்டரில் கையால் பூட்டியது. முழுச் சென்சாரில் இந்தக் கணக்குக்கு அரை மீட்டர் முதல் அடிவானம் வரை கூர்மை கிடைக்கும். தானியங்கி ஃபோகஸ் இங்கே துளியையும் நுரையையும் துரத்திக்கொண்டிருக்கும் என்பதால் அணைத்துவிடுங்கள். ஷட்டர் 1/1600க்குக் குறையக் கூடாது. ஆளும் நகர்கிறார், நீங்களும் நகர்கிறீர்கள்.

கண்ணாடியில் நிற்கும் துளிதான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது. அக்ரிலிக் குவிமாட முகப்பு என்றால் நாவால் நக்கியோ எச்சில் தடவியோ ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுங்கள். நீர் துளித்துளியாக நிற்காமல் படலமாகப் பரவி வழியும். சன்ஸ்கிரீன் தடவிய விரல் அதில் பட்டால் அன்றைய நாள் போயிற்று. ஒவ்வொரு அலைக்கும் முன் முகப்பை முக்கி, அலை வரும்போது தூக்கி, ஆள் ஒன்றரை மீட்டருக்குள் வந்ததும் சுட்டுவிட்டு, உறையை உடலோடு அணைத்து மூழ்குங்கள். நீட்டிய கையோடு அலையில் மாட்டினால் உறை உங்கள் முகத்திலோ, சறுக்குபவர் தலையிலோ மோதும். சறுக்குபவரிடம் முன்பே பேசி, எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்று சொல்லிவையுங்கள். அவர் பாதையில் நிற்க உங்களுக்கு உரிமை இல்லை.

வியாழன், மாமல்லபுரம்

கோவளத்திலிருந்து தெற்கே இருபது கி.மீ. சொச்சம். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி இங்கே நடந்தது. ரமேஷ் புடிஹால் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்றார். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே அலை உடைவதால், இராசசிம்மன் காலத்துக் கற்கோயிலும் சறுக்குபவரும் ஒரே சட்டகத்தில் அமைவதுண்டு. இதற்கு 200 மி.மீ. போதும், எஃப் 11 வரை மூடினால் கோயில் விமானத்தின் வடிவம் பின்னணியில் கரையாமல் நிற்கும். ட்ரோனைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம்.

மாலை வேலை ஸ்கேட் பலகை. அலையில் பழகிய பிள்ளைகள் பலர் இதிலும் ஏறுகிறார்கள். இதில் நுட்பத்துக்கு முன் ஒரு மரியாதை உண்டு: வித்தையைச் செய்து, விழாமல் தரையிறங்கி உருண்டுபோனால்தான் அந்தப் படம் கணக்கில் சேரும். காற்றில் அழகாகத் தெரிந்து, அடுத்த நொடி பலகை தனியே ஆள் தனியே விழுந்த படத்தை வெளியிட்டால் ஸ்கேட்டர்கள் அதைப் பொய் என்றே சொல்வார்கள். ஆகவே அவர் தரையிறங்கும்வரை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். கடைசி முயற்சியில் பேட்டரி தீர்ந்திருக்கக் கூடாது.

இரண்டாவது, எங்கிருந்து கிளம்பினார், எங்கே இறங்கப் போகிறார் என்பது இரண்டும் சட்டகத்தில் தெரிய வேண்டும். வெறும் வானத்தில் தொங்கும் ஆளைக் காட்டினால் அவர் தாண்டியது இரண்டு படியா, பத்துப் படியா என்று யாருக்குத் தெரியும்? வளைதளத்தின் (பலகை ஏறி இறங்கும் வளைந்த சரிவின்) விளிம்பில் மீன்கண் லென்ஸோடு தரையோடு தரையாகப் படுத்து, விளிம்பையும் ஆளையும் சேர்த்துப் பிடியுங்கள். லென்ஸுக்கும் பலகைக்கும் ஒரு கை தூரம் வேண்டும். பறந்துவரும் பலகை முதலில் உடைப்பது முன்கண்ணாடியைத்தான்.

சூரியன் சாய்ந்தபின் பிளாஷ். இரண்டு சிறிய பிளாஷ்கள் போதும்: ஒன்று ஆளுக்கு முன்பக்கவாட்டில், மற்றது பின்னால் எதிர்மூலையில், விளிம்பொளிக்காக. ஷட்டரை கேமராவின் சிங்க் வேகமான (பிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகமான) 1/200 அல்லது 1/250இல் வையுங்கள். வானத்தின் ஒளியை ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைவாக அளவிட்டு அபெர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் முடிவு செய்த பிறகு பிளாஷைச் சேருங்கள். 1/250 வேகத்தில் ஆள் உறைவாரா என்ற சந்தேகம் பலருக்கு வரும். உறைய வைப்பது ஷட்டர் அல்ல, பிளாஷ். சிறிய பிளாஷை 1/8 அல்லது 1/16 சக்தியில் வைத்தால் அதன் மின்னல் ஒரு நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீடிக்கும். முழுச் சக்தியில் வைத்தால் அது நீண்டு, கையும் பலகையும் கலங்கும். சக்தி போதவில்லை என்றால் பிளாஷின் சக்தியைக் கூட்டாதீர்கள், பிளாஷைக் கிட்டே நகர்த்துங்கள். சுற்றொளியைக் குறைக்காமல் விட்டால் கூர்மையான ஆளைச் சுற்றி ஒரு மங்கல் நிழல் ஒட்டிக்கொண்டு வரும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுதும் சுற்றொளியும் பதிவாவதுதான் அதற்குக் காரணம். பிளாஷ் கண்ணில் அடிக்கும் கோணம் எது என்பதை ஆடுபவரிடம் கேட்டுத் தள்ளிவையுங்கள். இறங்கும் இடம் தெரியாமல் அவர் விழுந்தால் பொறுப்பு உங்களுடையது.

வெள்ளி, இருங்காட்டுக்கோட்டை

கடலை விட்டு மேற்கே, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், தனக்கென்று அமைத்துக்கொண்டு 1990இல் திறந்த தடம் இது. 3.717 கி.மீ. நீளம், 12 வளைவுகள். தேசியப் பந்தயச் சுற்றுகளில் பொதுவாக வெள்ளி பயிற்சி, சனி ஞாயிறு போட்டி. வெள்ளியன்று யாரும் படக்காரர்களைப் பொருட்படுத்துவதில்லை, அதனால்தான் அது நல்ல நாள். தடத்தைச் சுற்றி நடந்து நிற்கும் இடங்களை முடிவு செய்துவிடலாம்.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்வி: ஒளி எந்த மணிக்கு எந்தப் பக்கம் இருக்கும், பின்னணியில் என்ன இருக்கிறது, வண்டி தடத்தை விட்டு வந்தால் எந்தத் திசையில் வரும். பின்னணியில் நிறுத்திய வேன்கள், தண்ணீர்த் தொட்டி, விளம்பரப் பலகையின் பாதி எழுத்து இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். புல்லும் மரமும் உள்ள பின்னணி பேனிங்கில் (வண்டியோடு கேமராவையும் திருப்பியபடி எடுப்பதில்) பச்சைக் கோடுகளாக இழுபட்டு நன்றாக வரும்.

மூன்றாவது கேள்விதான் முதன்மையானது. வண்டி பிடியிழந்தால் வளைவின் வெளிப்பக்கமாக, அது போய்க்கொண்டிருந்த நேர்க்கோட்டில் பாயும். அந்தக் கோட்டில் தடுப்புக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. தடுப்புக்குப் பின்னாலும் டயர் அடுக்கின் மேல் சாயாதீர்கள். மோதினால் அந்த அடுக்கே நகரும். வ்யூஃபைண்டரில் கண் புதைந்திருக்கும்போது இரண்டாவது வண்டி தெரியாது. மற்ற கண்ணையும் திறந்துவைத்துப் பழகுங்கள். தடத்துக்கு முதுகு காட்டி நின்று கேமராத் திரையைப் பார்ப்பதை அறவே விடுங்கள். மார்ஷல் (தடத்தின் பாதுகாப்பைப் பார்ப்பவர்) போகச் சொன்னால் கேள்வி கேட்காமல் போங்கள்.

அனுமதிச் சட்டை இல்லாதவர்கள் கம்பிவலைக்குப் பின்னாலிருந்தும் எடுக்கலாம். லென்ஸை வலையோடு ஒட்டி, எஃப் 2.8 அல்லது 4இல் திறந்து, 200 மி.மீ.க்கு மேல் வைத்து, வண்டி தொலைவில் இருக்கும்போது எடுத்தால் வலை கரைந்துபோகும். வலையின் மேல் வெயில் படும் இடமாக இருந்தால் எவ்வளவு திறந்தாலும் வெளிறிய புகை போல ஒரு திரை நிற்கும். நிழல் விழுந்த பகுதியைத் தேடுங்கள்.

பதினோரு மணிக்கு மேல் தார் கொதித்துக் கானல் எழும். 500 மி.மீ. வைத்து 200 மீட்டர் தூரத்து வண்டியை எடுத்தால் எண்கள் நெளியும். பலர் இதை லென்ஸின் குறை என்று நினைத்துப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார்கள். அமைப்பு எதை மாற்றினாலும் கானல் போகாது. கிட்டே போங்கள், உயரமான மேட்டிலிருந்து எடுங்கள், அல்லது நீண்ட லென்ஸ் வேலையைக் காலை ஒன்பதுக்குள் முடியுங்கள்.

சனி, இருங்காட்டுக்கோட்டை

இன்று முழுக்கப் பேனிங். 160 கி.மீ. வேகத்தில் போகும் காரை 1/2000இல் எடுத்தால் கார் கூர்மையாக இருக்கும், சக்கரமும் கூர்மையாக இருக்கும், தடத்தில் நிறுத்திவைத்த கார் போலவும் இருக்கும். வேகத்தைச் சொல்வது சக்கரத்தின் சுழற்சியும் இழுபடும் பின்னணியும்.

எந்த ஷட்டர் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. டயரின் விட்டம் 60 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 1.88 மீட்டர். 160 கி.மீ. என்பது நொடிக்கு 44 மீட்டர். சக்கரம் நொடிக்கு 23 முறைக்கு மேல் சுற்றுகிறது. 1/1000இல் அது எட்டரை பாகைதான் திரும்பும், ஆரக்கால்கள் தனித்தனியே தெரியும். 1/125இல் 68 பாகை, ஆரக்கால்கள் ஒன்றோடொன்று கலந்து சக்கரம் உயிர்பெறும். அதே வண்டி மெதுவான வளைவில் 72 கி.மீ.க்கு இறங்கினால், அதே 1/125இல் 30 பாகைதான். அங்கே 1/60 வேண்டும். 'பேனிங்குக்கு 1/125' என்று மனப்பாடம் செய்துவிட்டு எல்லா வளைவிலும் அதையே வைப்பதால்தான் பாதிப் படங்கள் உயிரற்று வருகின்றன. காலையில் 1/250இல் தொடங்கி, கை பழகியதும் 1/125, பிறகு 1/60 என்று இறங்குங்கள். கீழே போகப்போகக் கழிவு கூடும். 1/30இல் ஐம்பதுக்கு ஒன்று தேறினாலே நல்ல அறுவடை.

நிற்கும் முறை: பாதங்கள் இரண்டும், படம் எடுக்கப்போகும் புள்ளியைப் பார்த்து இருக்க வேண்டும். இடுப்பிலிருந்து மேல்பகுதியை மட்டும் வண்டி வரும் திசைக்குத் திருகுங்கள். வண்டியைத் தூரத்திலேயே பிடித்து, ஹெல்மெட்டிலோ எண்ணிலோ ஃபோகஸ் புள்ளியை ஒட்டவைத்து, உடலின் முறுக்கு அவிழ அவிழப் பின்தொடருங்கள். பாதம் பார்க்கும் புள்ளியில் அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திருப்பத்தை நிறுத்தாதீர்கள். அழுத்தும்போது கை நிற்பதுதான் மிகப் பொதுவான தவறு. வண்டி முழுதும் கலங்கி வந்தால் காரணம் அநேகமாக அதுதான். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். கனமான லென்ஸ் என்றால் மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கியில்) பொருத்தி, அதன் மேல் சுழற்றுங்கள். லென்ஸின் ஆட்டத்தடுப்பு இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும். அது பக்கவாட்டு அசைவை விட்டுவிட்டு மேல்-கீழ் ஆட்டத்தை மட்டும் தடுக்கும். முதல் நிலையிலேயே விட்டால் சில லென்ஸ்கள் உங்கள் திருப்பத்தோடு சண்டை போடும்.

வளைவில் இன்னொரு நுணுக்கம். வண்டி உங்களைக் கடக்கும்போது தானும் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதன் முன்மூக்கு ஒரு வேகத்திலும் வால் வேறு வேகத்திலும் உங்கள் கண்ணைக் கடக்கும். 1/60இல் இரண்டையும் ஒருசேரக் கூர்மையாக்க முடியாது. வளைவின் உட்பக்கம், ஏறக்குறைய அதன் மையத்தில் இடம் கிடைத்தால் வண்டி எப்போதும் ஒரே பக்கத்தை உங்களுக்குக் காட்டியபடி சுற்றிவரும். நீளம் முழுவதும் கூர்மை கிடைக்கும். வெளிப்பக்கம் நிற்க நேர்ந்தால் ஹெல்மெட் மட்டும் கூர்மையாக இருந்தால் போதும் என்று ஏற்றுக்கொண்டு அதற்கே குறிவையுங்கள்.

நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/60 என்றால் அபெர்ச்சர் எஃப் 20 வரை மூடவேண்டி வரும். அந்த அளவில் படம் மொத்தமாக மென்மையாகும். சென்சாரில் உள்ள தூசி ஒவ்வொன்றும் வானத்தில் கரும்புள்ளியாக நிற்கும். என்டி 8 ஃபில்டர் மூன்று ஸ்டாப் குறைத்து எஃப் 8க்கு அருகே கொண்டுவந்துவிடும். போலரைசர் ஒன்றரை ஸ்டாப் அளவுக்குக் குறைப்பதோடு, கண்ணாடியில் அடிக்கும் வானத்தையும் நீக்கி ஓட்டுநரைக் காட்டும்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை இங்கே நம்பாதீர்கள். பல கேமராக்கள் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்க 1/15 முதல் 1/30 நொடி எடுக்கின்றன. அதற்குள் சக்கரம் முட்டை வடிவமாகும். பேனிங்கில் பின்னணிக் கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். வேகமாகப் படிக்கும் ஸ்டேக்டு சென்சார் இல்லையென்றால் மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

எதிரே வரும் பைக்குக்குப் பேனிங் இல்லை. வளைவுக்குள் நுழையும் இடத்துக்கு நேர் எதிரே, பாதுகாப்பான தூரத்தில், நீண்ட லென்ஸ், 1/1000. ஓட்டுநர் பிரேக் பிடித்ததும் முன் சஸ்பென்ஷன் அமுங்கும், உடல் பக்கவாட்டில் இறங்கும், முழங்கால் நீளும், கண் மட்டும் வளைவின் வெளியேறும் பக்கம் போய்விடும். முழங்காலில் உள்ள பிளாஸ்டிக் கட்டை தாரைத் தொடும் நொடிக்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால், பின்சக்கரம் தரையை விட்டு இலேசாகி, வண்டி இன்னும் முழுதாகச் சாயாத நிலையில் வரும் படம் இன்னும் நல்லது என்பது என் துணிபு. ஓட்டுநர் எவ்வளவு தாமதமாகப் பிரேக் பிடித்தார் என்பது அதில்தான் தெரிகிறது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுத் தெருப் பந்தயம் நடந்தது நினைவிருக்கும். அப்படி விளக்கொளியில் எடுக்கும்போது சில விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/1000இல் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வருவது அதனால். ஆன்டி-ஃபிளிக்கர் வசதியைப் போடுங்கள். பேனிங்குக்கு 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு அடங்கிவிடும்.

ஞாயிறு, இருங்காட்டுக்கோட்டை

காலை மேகமும் வெயிலும் மாறி மாறி. கடற்கரைப் பழக்கத்தில் எக்ஸ்போஷரைப் பூட்டி வைத்திருந்தால் இரண்டு ஸ்டாப் மேலும் கீழுமாக ஆடும். ஷட்டரையும் அபெர்ச்சரையும் கையில் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். வெள்ளை வண்டிக்கு +0.7, கறுப்புக்கு −0.7 என்று திருத்தினால் போதும்.

மதியம் மழை வந்தால் கிளம்பிவிடாதீர்கள். ஈரத் தடத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் நீர்த்தூவல் எழும். பின்னொளி கிடைக்கும் பக்கம் போய், 1/500இல், இருண்ட மரங்கள் பின்னணியாக அமையும்படி நில்லுங்கள். தடித்த பிளாஸ்டிக் பையில் லென்ஸ் வெளிவரும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஹூடின் மேல் ரப்பர் பேண்டால் இறுக்கினால் நல்ல மழையுறை. எடுக்காத நேரத்தில் லென்ஸ் தரையைப் பார்த்திருக்கட்டும்.

இதே வளாகத்தில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் கார்ட்டிங் அரீனா பேனிங் பழக நல்ல இடம். வண்டி கிட்டே வரும், வேகம் குறைவு, சுற்றும் சிறியது, ஒரே வண்டி சீக்கிரம் சீக்கிரம் திரும்பிவரும். கார்ட்டின் பின்டயர் விட்டம் 28 செ.மீ.தான், 60 கி.மீ. வேகத்திலேயே நொடிக்கு 19 முறை சுற்றும். ஆகவே இங்கே 1/125 தாராளம். காருக்கு 1/60 தேடிய அதே வளைவு வேகத்துக்கு இங்கே அவ்வளவு இறங்கத் தேவையில்லை. நின்றபடி எடுத்தால் வண்டி பொம்மை போலத் தெரியும். உட்கார்ந்து, ஓட்டுநரின் கண்மட்டத்துக்கு லென்ஸைத் தாழ்த்துங்கள்.

இரவில் தேர்வு. முதல் சுற்றில் முகமும் ஹெல்மெட்டும் கூர்மையா என்பது மட்டும். நூறு சதவீதப் பெரிதாக்கலில் இல்லையென்றால் நீக்குங்கள். இரண்டாவது சுற்றில், ஒரே தொடரில் ஒன்றுதான் நிற்க வேண்டும். கடற்கரைப் படங்களில் அடிவானம் கோணலா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அரைப் பாகை சாய்ந்தாலும் கடல் வழியும். பந்தயப் படங்களுக்கு வண்டி எண், பிரிவு, வளைவு ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள். ஒரே எண் வேறு பிரிவிலும் ஓடியிருக்கும். இரண்டு நாள் கழித்துக் குழம்பும். வெளியீட்டுக்கு முன் கோப்புகள் இரண்டு தனித்தனி டிஸ்கில் இருக்க வேண்டும், அதன் பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்வது. கடலுக்குப் போய்வந்த கேமராவையும் லென்ஸையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, மோனோபாடின் பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மணல் போகக் கழுவிக் காயவையுங்கள்.